அம்மா அந்த மேசையைத் துடைக்கவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். வியாழக்கிழமைதானே ஃபோனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். ஃபோனில் நாம் பேசுவது ஒரு பேச்சா? நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், நீ ஆரம்பிப்பதற்குள் நான் கத்திவிடுகிறேன். போன வாரம் நாம் பேசியதை ஜன்னல் வழியாகக் கேட்டவர்கள் சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்கள். காகிதம் குறுக்கே பேசாது. நான் சொல்லப்போவதில் பாதி உனக்குத் தெரியும், மீதி தெரியாது. தெரியாததுதான் முக்கியம், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

என்னோடு லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த, கையில் கிரீஸ் கறை போகாத நம் கிரீஸ் மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது உனக்குத் தெரியும். எட்டு மாடி அலுவலகக் கட்டடத்து லிஃப்ட் தளத்துக்கு ஒரு முழம் மேலே போய் நிற்க, துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர் கையில் வாளியோடு அதைக் கவனிக்காமல் காலை வெளியே வைத்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பிரேக் கட்டை தேய்ந்துபோனதுதான் காரணம். அதை மாற்ற வேண்டும், கட்டடக்காரர்கள் அனுமதி தர வேண்டும் என்று நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே மாமா மூன்று முறை பராமரிப்புக் குறிப்பு எழுதும் லாக் புத்தகத்தில் எழுதினார், சூப்பர்வைசர் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் கட்டட மேனேஜர் தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மோட்டார் ரூமில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த புத்தகமும் விபத்துக்கு மறுநாளே காணவில்லை. புத்தகத்துக்குக் கால் முளைத்ததோ, கை முளைத்ததோ தெரியாது. மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பது என் வழக்கம், அதற்காக நீயே என்னைக் கேலி செய்திருக்கிறாய். அந்த ஃபோனும் தண்ணீரில் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டது. விசாரணை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. மாமாவின் இருபத்திரண்டு வருடச் சர்வீஸ், நீ வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொடுத்துவிட்டுப் போன அந்த மிஷினுக்குள் உட்கார்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலை பிரிண்ட் எடுக்கலாம் என்று சுவிட்சைப் போட்டேன். வழக்கமான படம் வரவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, நடுவில் சிவப்பு நட்சத்திரங்கள் மூன்று இப்படியும் அப்படியும் ஓடின, கடைசியில் எமர்ஜென்சி மோடு என்று சொல்லிவிட்டு நின்றது. நான் பயந்தே போனேன். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பார்த்தவனுக்கு எமர்ஜென்சி என்றால் உள்ளே ஆள் மாட்டியிருக்கிறான் என்று அர்த்தம். தொடர்வதற்குக் கன்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்து என்றது, அழுத்தினேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதே இடத்தில் வந்து நின்றது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை, செக்குமாடு மாதிரி. உன்னைக் கூப்பிட்டால் நீ மீட்டிங்கில். படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன், "அப்பா, உங்க சட்டையும் டியூப்லைட்டும்தான் தெரியுது, எழுத்தே தெரியல" என்றாய். திரை கண்ணாடி மாதிரி இருந்தால் நான் என்ன செய்ய, சட்டையைக் கழற்றிவிட்டா எடுக்க முடியும்?

செவ்வாய்க்கிழமை நீ பாஸ்வேர்டைச் சொன்னாய். ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன், திரையில் ஒன்றுமே விழவில்லை. கீபோர்டும் செத்துவிட்டது என்று நான் கத்த, அது அப்படித்தான், பாஸ்வேர்டு அடித்தால் காட்டாது என்று நீ கத்த, அதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? பிறகு ஏதோ நீளமாக அடிக்கச் சொன்னாய், நடந்ததையெல்லாம் சொல்லும் பட்டியல் என்றாய். வந்தது பட்டியல், ஆயிரம் வரி இருக்கும். உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது, போய்விட்டாய். அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று எனக்குத் தெரியவில்லை. எஸ்கேப் என்று எழுதியிருந்த பட்டனை அழுத்தினால்கூடத் தப்பிக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் போராடிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். நீ திரும்ப அழைத்து, "க்யூ-ன்னு ஒரே ஒரு எழுத்து அடிச்சா போதும்பா, பவர மட்டும் புடுங்காதீங்க, இருக்கறதும் போயிடும்" என்றாய். அப்போதுதான் நான் அந்த வார்த்தைகளைச் சொன்னேன். பெற்றவனுக்கு ஒரு மிஷினைச் சரிசெய்து தரத் துப்பில்லாத படிப்பு என்ன படிப்பு என்று. நீ ஃபோனை வைத்துவிட்டாய். அதையும் இந்தக் கடிதத்திலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறேன், கணக்கில் வைத்துக்கொள்ளாதே.

அந்த ஆத்திரத்திலேயே பெட்டியைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் திரையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "லினக்ஸா? அத நாங்க தொடறதில்ல சார். ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தரேன், நாளைக்கு வந்து வாங்கிக்கங்க" என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகப்பட்டது, புது பெயின்ட் அடிப்பது மாதிரி ஏதோ என்று நினைத்தேன். சரி என்று சொல்லிவிட்டு, வர நேரமாகும் என்று சொல்வதற்காகத்தான் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் தையல் யூனிட்டில் மிஷின்கள் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் "ஃபார்மேட்னா என்னங்க? உள்ள இருக்கறது இருக்குமா, போயிடுமா? அத மொதல்ல கேளுங்க" என்றாள். கேட்டேன். "எல்லாம் போயிடும் சார், சுத்தமா இருக்கும்" என்றார் சந்தோஷமாக. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அம்மா கம்ப்யூட்டரைத் தொட்டதுகூடக் கிடையாது, அன்றைக்கு அதைக் காப்பாற்றியது அவள்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

புதன்கிழமை வீம்புக்கென்று கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நட்சத்திரங்கள் எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்று பார்த்தேன். தொண்ணூறு செகண்ட். அணைத்துப் போட்டேன், மறுபடி தொண்ணூறு. ஐந்து தடவை பார்த்தேன், ஒரு செகண்ட் கூடவில்லை, குறையவில்லை. உடைந்துபோன சாமான் இப்படி ஒழுங்காக உடையாது. இது டைமர். எங்கிருந்தோ ஒரு பதில் வரவேண்டும் என்று காத்திருக்கிறது, வராததால் கையை விரிக்கிறது. லிஃப்டில் ஏழாவது மாடிக் கதவு ஒன்று சரியாக மூடவில்லை என்றால் மொத்த லிஃப்டும் நகராது, மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது. உன்னைக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன், பழுது எதுவும் இல்லை, எதுவோ ஒன்று இல்லை என்று. நீ உடனே ஜன்னலை மூடி விளக்கை அணைத்து இன்னொரு படம் அனுப்பச் சொன்னாய். பார்த்ததும் "அப்பா, பேக்கப் டிஸ்க் எங்க? சோப்பு டப்பா மாதிரி கறுப்பா, நீல லைட் மினுக்கிட்டு இருக்குமே, அதத்தான் தேடிட்டு நிக்குது. யாராவது கழட்டினீங்களா?" என்று கேட்டாய்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படி. நீ சோப்பு டப்பா என்று சொன்ன அந்த நொடியே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேபிள் ஃபேனை வைக்க இடம் போதவில்லை என்று அதைப் பிடுங்கியவன் நான்தான். பழைய ஃபோன் சார்ஜர் ஏதோ சும்மா மினுக்கிக்கொண்டு கிடக்கிறது என்று நினைத்தேன். மூன்று நாள் உன்னையும், கடைக்காரரையும், லினக்ஸைக் கண்டுபிடித்தவனையும் திட்டித் தீர்த்துவிட்டு, நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "நான் எதையும் தொடல. உங்கம்மாதான் மேசை எல்லாம் தொடச்சா" என்றேன். நீ அம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னாய். ஸ்பீக்கரில்தான் இருந்தது. "ஏம்மா, கம்ப்யூட்டர் மேசைய தொடாதன்னு எத்தன தடவ சொல்றது? ஒருத்தரோட வேலையே போகப்போகுது, ஒனக்குத் துணிய வச்சுத் தொடைக்கணும்" என்று நீ கேட்டது முழுவதும் எனக்கும் கேட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சரிம்மா, இனிமே தொடமாட்டேன்" என்று சொல்லி ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். டிஸ்க்கைக் கண்டுபிடித்துச் செருகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அப்புறம் யார் எதைக் கழற்றினால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெட்டி எங்கே போயிருக்கும் என்றும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் சித்தப்பா வந்திருந்தான், பழைய ஒயர் இருந்தால் கொடுங்கள் அண்ணே என்றான், ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தேன், இதையும் சேர்த்து. நேராக அவன் வீட்டுக்குப் போனேன். உனக்குத்தான் தெரியுமே, அவனுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. "அந்த டிஸ்க்கா அண்ணே? அருமையான டிஸ்க்! டிவில போட்டா எடுக்கல, அதான் ஃபார்மேட் பண்ணி நூறு படம் ஏத்திட்டேன், வாங்க பாக்கலாம்" என்றான். பிடுங்கிக்கொண்டு வந்து வீட்டில் செருகிப் பார்த்தேன், தொண்ணூறு செகண்ட், மறுபடியும் அதே கறுப்புத் திரை. அது தேடுவது பழைய டிஸ்க்கின் அடையாளத்தை, சித்தப்பா அந்த அடையாளத்தை அழித்துவிட்டான். பெட்டி அதே பெட்டிதான், ஆள் வேறு. ஆக நீ பாதுகாப்புக்கென்று எடுத்துவைத்த காப்பியும் போச்சு. உன்னிடம் டிஸ்க் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அது இரண்டாவது பொய்.

வியாழன் காலை நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கம் எப்படி இருந்தது என்று தெரியாது. நீ உன் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருந்தாய், நான் பாஸ்வேர்டைக் குருட்டாம்போக்கில் அடித்து உள்ளே போனேன். எந்தெந்த டிஸ்க்கை மாட்ட வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிற ஃபைலைத் திறக்கச் சொன்னாய். கடைசிக்கு முந்தின வரியின் தொடக்கத்தில் ஹாஷ் என்கிற அந்தச் சதுரக் கட்டம் போட்ட குறியைப் போடு, போட்டால் மிஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும் என்றாய். போட்டேன். சேமிக்கப்போனால் எழுத அனுமதி இல்லை என்கிறது. என் வீடு, என் மேசை, என் மிஷின், எனக்கு அனுமதி இல்லையாம்! நீ பொறுமையாக இன்னொரு கட்டளையைச் சொன்னாய், அதில் நான் கமாவுக்குப் பதில் புள்ளி வைத்து, இடைவெளி விட வேண்டிய இடத்தில் விடாமல், நாலு தடவை தப்பாக அடித்தேன், ஐந்தாவது தடவை எழுத விட்டது. அந்த வரிக்கு மேலே ஏற்கெனவே அதே குறி போட்டு நீ ஒரு குறிப்பு எழுதியிருந்தாய், தமிழை ஆங்கில எழுத்தில். அப்பாவோட பேக்கப், கழட்டக்கூடாதுன்னு கிளம்பறதுக்குள்ள அப்பாகிட்ட சொல்லணும் என்று. நான் அதை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். பிறகு நீயே, "சொல்ல மறந்துட்டேன்பா. டிஸ்க் இல்லாட்டியும் பரவால்லன்னு அதே வரியில ஒரு வார்த்த சேத்திருக்கணும், அதையும் விட்டுட்டேன். என் தப்புதான்" என்றாய். உனக்கு அதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகவில்லை. நான் அப்போதும் சொல்லவில்லை. இதற்கு நடுவே ஒன்று கேட்டுவிடுகிறேன். லிஃப்டில் கதவு மூடாவிட்டால் நகராமல் நிற்பது உயிரைக் காப்பாற்ற. ஓர் உபரிப் பெட்டி இல்லை என்பதற்காக மொத்த மிஷினும் படுத்துக்கொண்டால் அது யார் உயிரைக் காப்பாற்ற? உன் ஆட்களிடம் கேட்டுச் சொல். மிஷின் திறந்துகொண்டது, படங்கள் அத்தனையும் இருந்தன, அம்மா பின்னாலேயே நின்று "மொதல்ல காப்பி எடுங்க, அப்புறம் சந்தோஷப்படலாம்" என்றாள், பென் டிரைவில் ஏற்றிக் கடையில் பதினான்கு பக்கம் பிரிண்ட் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் நானும் மாமாவும், ஓரத்தில் மேனேஜர். மாமா கையை எவ்வளவு தேய்த்துக் கழுவியிருந்தாலும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது, மேசைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கங்களை வரிசையாக வைத்தேன். மூன்று குறிப்பில் இரண்டின் கீழே மேனேஜரின் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் இருந்தன, பார்த்தேன் என்று. அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "கையெழுத்து போட்டிருக்கலாம், எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா சார், பிரேக்கால ஒண்ணும் நடக்கல. இந்த க்ளீனிங் பண்ற பொம்பளைங்க கண்டபடி பட்டன அழுத்தி, தண்ணிய ஊத்தித் தொடைச்சுத் தொடைச்சுத்தான் லிஃப்ட்ட கெடுக்கறாங்க" என்றார். மாமா என்னைப் பார்த்தார், நான் கொதித்து எழுந்து பதில் சொல்வேன் என்று. எனக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. மேசை மேல் இருந்த பக்கங்களை நேராக அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளைக்கு முன் என் வாயிலிருந்து வந்த அதே பேச்சு. அங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற துப்புரவு அம்மாவுக்கு இது கேட்காது, இங்கே என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று கேட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் மாமாவேதான் பேசினார், திக்கித் திக்கி. "தண்ணிக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்ல சார். பிரேக் இருக்கறது மேல மோட்டார் ரூம்ல. அந்தம்மா அங்க வந்ததே கிடையாது" என்றார். அதற்கு மேல் அதிகாரிகள் ஒன்றும் கேட்கவில்லை. மாமா திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்று அன்று மாலையே சொல்லிவிட்டார்கள், மேனேஜர் மேல் தனியாக விசாரணை. மாமா வாசலில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குத்தான் அந்தக் கையைப் பிடிக்கக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். விசாரணை விவரத்தை எல்லாம் சொன்னேன், பிறகு டிஸ்க்கைப் பிடுங்கியது நான்தான் என்று சொன்னேன். தலையைத் தூக்காமலே "தெரியும். நீங்க புடுங்கும்போது நான் எதிர்லதான உக்காந்திருந்தேன்" என்றாள். அப்படியானால் உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க ஒரு விசாரணைக்குப் போகணும். அதுக்கு முன்னால வீட்லயும் ஒண்ணு எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நீங்க சொன்னது கூடப் பெரிசில்லங்க. உங்க குணம் எனக்குத் தெரியாதா? ஆனா அவ உடனே நம்பிட்டா பாருங்க. அம்மான்னா தொடைச்சுத்தான் கெடுத்திருப்பான்னு. யோசிக்கக்கூட இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு சாப்பிட வாங்க, தண்ணீர் வந்துவிட்டது, கதவைச் சாத்துங்க, இவை தவிர என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. இன்றைக்கு ஞாயிறு.

அதனால்தான் எழுதுகிறேன். அம்மா அந்த மேசையைத் துடைக்கவில்லை. துடைத்திருந்தால் இவ்வளவு தூசி இருந்திருக்காது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அது என் பங்கு. உன் பங்கு உன்னிடம் இருக்கிறது, என்னால் அதைக் கேட்க முடியாது. அந்த மிஷின் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, நேற்று அதுவாகவே என்னவோ புதுப்பிக்கிறேன் என்று அரை மணி நேரம் என்னை உட்காரவைத்தது. புது டிஸ்க் வாங்கினால் எந்த வரியில் எந்த வார்த்தையைச் சேர்க்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதி அனுப்பு. சித்தப்பாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம், அவன் சரிசெய்து தருகிறேன் என்று கிளம்பி வந்துவிடுவான்.

நேரம் கெட்ட நேரத்தில் என்னோடு உட்கார்ந்து உன் தூக்கம் கெட்டது, அதை இரண்டு நாள் தூங்கிச் சரிசெய்துகொள். குனிந்தே வேலை பார்க்காதே, கழுத்து வலி என் வம்சத்து வியாதி. நீ எடுக்கிற காரியம் எல்லாம் கைகூடி, யார் முன்னாலும் தலை நிமிர்ந்து நிற்கும்படி நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். தையல் யூனிட்டில் மதியம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம், அப்போது மிஷின்களை நிறுத்திவிடுவார்கள், பேசினால் கேட்கும். அவள் எண்ணுக்குக் கூப்பிடு, என் எண்ணுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
பிளக்கைப் பிடுங்கிய உன் அப்பா